பட்டுக்கூட்டு ஜிமிக்கி

என் வயசுக்காரர்களே, என் மண்டையைப் பார்த்து நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரியும். சிரியுங்கள். காதோரம் ஒட்டியிருக்கிற நாலு முடியும் எப்போது வேண்டுமானாலும் ராஜினாமா கொடுக்கலாம் என்ற நிலையில்தான் இருக்கின்றன. ஆனால் இதே மண்டையிலிருந்து ஒரு காலத்தில் இடுப்புவரை சடை தொங்கியது. அந்தச் சடைக்குப் பூ, வில்லை, குஞ்சலம், நெற்றிக்குச் சுட்டி, காதுக்கு ஜிமிக்கி என்று சகல அலங்காரமும் இருந்தது. அதில் பாதி என் கையால் செய்தது. ரொம்பச் சிரிக்க வேண்டாம். மொட்டைக்கு முன்னால் பாவாடை கட்டி, சடை பின்னி எடுத்த போட்டோ உங்களில் பலர் வீட்டிலும் இருந்திருக்கும். அதை மனைவி கண்ணில் படாமல் எங்கே ஒளித்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

ஐம்பதுகளில் நடந்தது இது. சூளகிரியை ஒட்டி, பெங்களூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிய ஊர் எங்களுடையது. இப்போது கம்பெனிகளின் சுற்றுச்சுவர் ஓடுகிற இடமெல்லாம் அப்போது ராகியும் கொள்ளும். கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு ஜன்னி கண்டதாம். பிள்ளை பிழைத்தால் குலதெய்வத்துக்கு முடி இறக்கி, காது குத்தி, கிடா வெட்டுகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டாள். நான் பிழைத்துவிட்டேன். ஆனால் முடி இறக்க முடியவில்லை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் முதல் முடி எடுக்க வேண்டும். அந்த மாமாவோ எங்கள் வாசலை மிதிப்பதை விட்டிருந்தார். ஏதோ ஒரு விசேஷத்தில் அப்பா அவரை முதல் பந்தியில் உட்காரவைக்கவில்லையாம். ஆக, யாரோ ஒருவர் போடத் தவறிய ஒரு வாழை இலைக்காக நான் பள்ளிக்கூடம் போகும் வயசிலும் சடையோடு திரிந்தேன்.

ஒரு தரம் சமாதானமாகி மாமா வரத்தான் செய்தார். கோயில்வரை போனோம். கத்தி தீட்டுகிற சத்தம் காதில் விழுந்ததும் நான் மடியிலிருந்து நழுவி, எதிரே இருந்த புளியமரத்தில் ஏறிவிட்டேன். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. அதற்கு முன்னும் பின்னும் என்னால் எந்த மரமும் ஏற முடிந்ததில்லை. கீழே நின்று சொந்தபந்தமெல்லாம் வெல்லக்கட்டியைக் காட்டினார்கள், விளக்குமாற்றைக் காட்டினார்கள். நான் மேலேயிருந்து அழுத அழுகையில் கிளையிலிருந்த காக்கைகள் இடம் மாறின. நல்ல நேரம் கடந்துவிட்டது. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வெட்டக் கொண்டுவந்த கிடா எங்களோடு வண்டியிலேயே திரும்பிற்று. அந்தக் கூட்டத்தில் என்னை நன்றியோடு பார்த்த ஒரே ஜீவன் அதுதான்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாக் காரியமும் என் தலையில் வந்து நின்றது. மாட்டுக்கொட்டகைக்கு ஓடு மாற்ற வேண்டுமா? மொட்டை முடியட்டும். கிணற்றில் தூர் வார வேண்டுமா? மொட்டை முடியட்டும். அக்கா அப்போது எட்டாவது முடித்திருந்தாள். மேலே படிக்க ஓசூருக்குத்தான் போக வேண்டும். அங்கே பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்து, தடுப்பூசி போட எங்கள் ஊருக்கு வந்த நர்சம்மாவைப் போல இடது கையில் கடிகாரம் கட்டிக்கொள்வது என்று அவள் முடிவுசெய்து வைத்திருந்தாள். தினமும் காலையில் அப்பா பல் துலக்கும்போது போய் நிற்பாள்.

"அப்பா, ஓசூரு?"

அப்பா வேப்பங்குச்சியை எடுத்துத் துப்பிவிட்டு, "மொதல்ல இவன் தலை மழுங்கட்டும். அப்பறம் ஓசூரு," என்பார்.

அக்கா திரும்பி என்னைப் பார்ப்பாள். நான் சடையைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவேன்.

அந்தக் கோடைவிடுமுறையில்தான் நகை செய்ய ஆரம்பித்தோம். பக்கத்து வீட்டம்மா பட்டுப்பூச்சி வளர்த்தாள். பூச்சி ஓட்டை போட்டு வெளியே வந்துவிட்ட கூடுகளை நூலுக்கு ஆகாது என்று குப்பையில் கொட்டுவாள். அதை அக்கா முறத்தில் அள்ளிவந்தாள். குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு கூடும் ரெண்டு கிண்ணம். கிண்ணத்தின் விளிம்பை இதழ் இதழாக நறுக்கி விரித்தால் மல்லிகை. மஞ்சள் தண்ணீரில் முக்கினால் சாமந்தி. சப்பாத்திக்கள்ளிப் பழத்தைப் பிழிந்த சாற்றில் போட்டால், எந்தத் தோட்டத்திலும் இல்லாத ஒரு ரோஸ் நிறம். அந்தப் பழம் பறிக்கிற வேலை என்னுடையது. அதன் பூமுள் விரலில் ஏறினால் பிடுங்கவும் முடியாது, பார்க்கவும் முடியாது. அழ மட்டும்தான் முடியும், அதில் நான் கெட்டிக்காரன்.

புளியங்கொட்டையைக் கல்லில் தேய்த்து ஒரு பக்கம் மட்டும் வெளுக்கவைப்போம். சுட்டியில் பதிக்கிற கல் அது. ரோட்டோர டீக்கடையில் லாரிக்காரர்கள் வீசிப்போகும் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை நகத்தால் நீவி, அட்டையில் ஒட்டினால் சடைவில்லை. ஒட்டுவதற்கு வேப்பம்பிசின். கோப்பதற்கு வாழைநார். எல்லாவற்றுக்கும் மகுடம் ஜிமிக்கி. பாதி வெட்டிய பட்டுக்கூட்டைக் கவிழ்த்துப் பாருங்கள், ஆசாரி செய்தது போலவே இருக்கும். அதன் நடுவில் ஒரு குன்றிமணியைத் தொங்கவிட்டாள் அக்கா. எனக்குக் காது குத்தாததால் நூலைக் காதைச் சுற்றிக் கட்டினாள்.

பட்டு என்றதும் நீங்கள் வழவழப்பை நினைத்திருப்பீர்கள். பூச்சி உள்ளே விட்டுப்போன தோலின் நாற்றத்தை நினைத்திருக்க மாட்டீர்கள். வெயில் ஏற ஏற என் தலையிலிருந்து ஒரு வாடை கிளம்பும். தெருநாய்கள் மரியாதையோடு பின்னால் வரும்.

"அக்கா, நாறுதுக்கா."

"பட்டுன்னா நாறத்தான் செய்யும். ராணிங்கல்லாம் இந்த நாத்தத்தோடதான் குந்தியிருந்தாங்க. மூக்கப் பொத்திக்கினு நேரா உக்காரு."

"ராணி மூக்கப் பொத்துவாளா?"

"ராணிக்கு மூக்குப் பொத்த தனியா ஆள் இருப்பாங்கடா. உனக்கு நாந்தான் இருக்கேன், எனக்குக் கை ரெண்டுதான்."

நான் அவளுக்குப் பின்னுவேன், அவள் எனக்குப் பின்னுவாள். ஆனால் அவள் முடி குட்டை, அதனால் என் சடைதான் கடைவீதிப் பொம்மை. பையன்கள் "ஏ பொம்பள" என்று கத்துவார்கள். எனக்கு வெட்கமே இல்லை. சடை நுனியில் அக்கா கட்டிய குஞ்சலம் முழுக்கப் புளியங்கொட்டை. தலையைச் சுழற்றி ஒரு வீசு வீசினால் கூப்பிட்டவன் மூக்கு வீங்கும்.

ஒருநாள் பூ வெட்டிக்கொண்டே அவளைக் கேட்டேன்: "அக்கா, என்னிய மறுபடியும் கூட்டிக்கினு போவாங்களா?"

"போனாலும் போவாங்க."

"எப்பன்னு தெரிஞ்சா சொல்வியா?"

அக்கா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போய்த் தன் எட்டாவது வகுப்புச் சரித்திரப் புத்தகத்தை எடுத்துவந்தாள். அதன்மேல் கையை வைத்தாள். "மொதல்ல உங்கிட்டதான் சொல்வேன். சரசுவதி மேல சத்தியம். போதுமா?"

போதும். அதற்குப் பிறகு நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஒற்றனை எதிரி முகாமிலேயே வைத்திருக்கிற ராஜா எப்படித் தூங்குவான், அப்படி.

அந்த ராஜா கொஞ்சம் கண்ணைத் திறந்து பார்த்திருக்கலாம். கத்தரியை மழுக்குகிறோம் என்று தினமும் திட்டிய அம்மா, திடீரென்று தன் பழைய ரவிக்கையின் ஜரிகையைப் பிரித்துக் கொடுத்தாள். "இன்னும் நாலு பூ வெய்யுங்க, நல்லாருக்குது," என்றாள். ஒருநாள் சுட்டியை எடுத்து அக்காவின் நெற்றியில் வைத்துப் பார்த்து, "உனக்கும் சரியாத்தான்டி இருக்குது," என்று தலையசைத்துக்கொண்டு போனாள். பெரியவர்கள் நம் விளையாட்டைப் பாராட்டத் தொடங்கினால் அன்றைக்கே வீட்டைவிட்டு ஓடிவிட வேண்டும். இது என் வாழ்நாள் ஆராய்ச்சி முடிவு. உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லுங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஓசூரில் போட்டோ எடுக்கப் போகிறோம் என்றார் அப்பா. இவ்வளவு அலங்காரம் செய்திருக்கிறீர்களே, ஒரு படம் வேண்டாமா என்றார். அக்கா எனக்குத் தலை வாரினாள். வழக்கமாக அவள் வாய் ஓயாது. அன்று வாயில் ஊசியைக் கவ்வியிருந்ததால் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டேன். தன் பச்சைப் பாவாடையையே எனக்குக் கட்டிவிட்டாள். ஜிமிக்கியைக் கட்டும்போது ரெண்டு முறை முடிச்சு அவிழ்ந்தது. வண்டிக்குப் பின்னால் கிடாவைக் கட்டியிருந்தார்கள். "இது எதுக்குப்பா?" என்றேன். "சந்தையில வித்துரலாம்னு," என்றார். நானும் கிடாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே அளவு மூளை.

பெங்களூர் ரோட்டைத் தொட்டதும் வண்டி ஓசூர்ப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. ரோட்டைக் குறுக்கே தாண்டி எதிர்த்த மண்பாதையில் இறங்கியது. அப்பா கயிற்றைக்கூட இழுக்கவில்லை, மாடுகளுக்கே தெரிந்திருந்தது. அந்த வண்டியில் விஷயம் தெரியாதவர்கள் நானும் கிடாவும் மட்டும்தான்.

தூரத்தில் பந்தல் தெரிந்ததும் நான் குதித்தேன். போன தடவை மரம் ஏறிய கால்கள்தான், ஆனால் போன தடவை பாவாடை இல்லை. முதல் எட்டிலேயே காலில் சிக்கி விழுந்தேன். பலர் மூக்கைப் பதம் பார்த்த குஞ்சலம் சுழன்று வந்து என் மூக்கிலேயே அடித்தது. மாமா வந்து ஒரே கையால் அள்ளிக்கொண்டார்.

"எங்க மாப்ளே, சந்தைக்கா?" என்றார். அதற்குள் எதிரிலிருந்த புளியமரத்தைச் சுற்றி வேலிமுள் வெட்டிப் போட்டிருந்ததையும் பார்த்துவிட்டேன். பிரமாதமான ஏற்பாடு. எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகைக்கு அவ்வளவு காவல் கிடையாது.

போட்டோ என்று சொன்னது பொய்யில்லை. பெட்டி கேமராவும் கறுப்புத் துணியுமாக ஒருவரைப் பெங்களூர்ப்பக்கமிருந்து வரவழைத்திருந்தார்கள். என்னை நாற்காலியில் ஏற்றினார்கள். நான் மூக்கு ஒழுகத் தேம்பினேன். கன்னடக்காரரான அவர் துணிக்குள்ளிருந்து, "அலுகாட பேட, மகளே!" என்றார். அசையாதே மகளே என்று அர்த்தம். மகன் என்று திருத்தும் நிலையில் நான் இல்லை.

பிறகு மணையில் உட்கார்ந்திருந்த மாமாவின் மடி. தெலுங்கு பேசுகிற நாவிதர் என் தலையில் தண்ணீர் தடவி, "கதலொத்து, நாயனா," என்றார். அதே அர்த்தம்தான், இப்போது மகனாகிவிட்டேன். அக்காதான் பக்கத்தில் முறத்தை வைத்துக்கொண்டு, என் சடையிலிருந்து ஒவ்வொரு பூவாகக் கழற்றினாள். ஓர் இதழ்கூடக் கசங்காமல் அவ்வளவு பக்குவமாக. என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"அக்கா! புஸ்தகத்து மேல கைவெச்சியேக்கா!"

அவள் ஜிமிக்கி முடிச்சை அவிழ்த்தாள்.

"நீ சொல்லவே இல்லியேக்கா!"

கத்தி நெற்றியில் பட்டது. எனக்கு மூத்திரம் முட்டியது. விடுங்கள் போய்விட்டு வருகிறேன் என்று கெஞ்சினேன். போன வருஷம் ஏமாந்தவர் மாமா. "மடியிலயே இரு மாப்ளே," என்றார். சரி என்று மடியிலேயே இருந்துவிட்டேன். மாமாவின் பட்டுக்கரை வேட்டி நனைந்தது. மனிதர் அசையவில்லை. எனக்குக் கிடைத்த ஒரே பழிவாங்கல் அது. பிறகு காது குத்தியபோது அந்தத் திருப்தியும் போய்விட்டது.

கத்தியைவிட எனக்கு வலித்தது வேறு. ஊரே பொய் சொல்லலாம், அப்பா பொய் சொல்வார் என்பது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் எனக்காக மூக்கைப் பொத்த ஆளில்லாமல் போனதற்கு வருத்தப்பட்டவள் அக்கா. சந்தனம் அப்பிய மண்டையோடு, ரத்தம் கட்டிய காதோடு, பந்தக்காலைக் கட்டிக்கொண்டு நின்றேன். அக்கா ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அத்தனை சிரிப்பை அவளிடம் நான் பார்த்ததில்லை.

"முடிஞ்சிருச்சுடா! இனி ஓசூருதான்!"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்போது அம்மா கூப்பிட்டாள்: "இங்க வாடி. வந்து மணையில உக்காரு."

முறத்தை அம்மா கையில் வைத்திருந்தாள். அக்காவின் கண் விரிந்தது. "எனக்கும் போட்டோவாம்மா?" என்று கேட்டுக்கொண்டே ஓடிப்போய், நான் எழுந்த அதே மணையில் உட்கார்ந்தாள். போட்டோக்காரர் முக்காலியை மடக்கிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. அம்மா சுட்டியை வைத்தாள், வில்லையைச் செருகினாள், ரோஸ் நிறப் பூவையெல்லாம் குட்டைச் சடையில் கொள்ளாத அளவுக்கு வைத்தாள். காதிலிருந்த சின்னத் தோட்டைக் கழற்றிவிட்டு ஜிமிக்கியை மாட்டினாள். அக்கா கழுத்தைத் திருப்பி என்னைத் தேடினாள்.

"அசையாம உக்காரு," என்றாள் அம்மா. ஒரே நாளில் மூன்று பாஷையிலும் அதைக் கேட்டுவிட்டேன்.

மாமாவின் அண்ணி, எங்களுக்கு அத்தை, ஒரு தட்டைக் கொண்டுவந்து அக்காவின் முன்னால் வைத்தாள். சிவப்புப் புடவை, தேங்காய், வெற்றிலை, மல்லிகைச் சரம். அத்தை குனிந்து குங்குமம் வைக்கும்போது மூக்கைச் சுளித்தாள். "என்னாடி இந்த நாத்தம்?" அக்கா புடவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கூட்டத்தில் அப்பா எங்கே என்று தேடினாள்.

"அப்பா, ஓசூரு?"

காலையில் பல் துலக்கும்போது கேட்பாளே, அதே கேள்வி, அதே குரல்.

"ஓசூரு எங்க ஓடிப்போவுது? அது அங்கியேதான் இருக்கும்," என்றார் அப்பா. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் பகடி எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் பந்தலைக் காட்டி, "ஒரே பந்தல், ஒரே கெடா, ரெண்டு காரியம். எவன் செய்வான் இப்பிடி?" என்றார். அதில் கள்ளமே இல்லை. மகளுக்கு நல்லது செய்துவிட்டதாகவும் அதையும் சிக்கனமாகச் செய்துவிட்டதாகவும் அந்த மனிதர் கடைசிவரை நம்பினார். முதல் பந்தியில் உட்காரவைக்காத மச்சானுக்குப் பெண்ணையே கொடுத்துச் சரிக்கட்டிவிட்டார். மாமா நனைந்த வேட்டியைத் துண்டால் மறைத்துக்கொண்டு, தன் கால் கட்டைவிரலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவரையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் போட்டோ வந்தது. சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். அக்காவுக்கு அந்த வயசில் எடுத்த படம் ஒன்றுகூடக் கிடையாது. அவள் கல்யாணமாகி வேப்பனப்பள்ளிப்பக்கம் போன பிறகு, வீட்டுக்கு வருகிறவர்கள், "இது உங்க பொண்ணுங்களா?" என்று கேட்பார்கள். முதலில் அம்மா விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். போகப்போக, "ஆமாங்க, பெரியவ," என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். கரையான் அரித்து அந்தப் படம் போகும்வரை அக்காவாக இருந்தது நான்தான்.

அன்றைக்கு மத்தியானம் எல்லோரும் பந்தியில் இருந்தார்கள். மாமாவுக்கு முதல் இலை. நான் சாப்பிட மாட்டேன் என்று அறிவித்துவிட்டு, யாரும் வந்து கெஞ்சாததால் அவிழ்த்துப்போட்ட வண்டியின் நிழலில் போய் உட்கார்ந்தேன். அங்கே முன்னமே அக்கா உட்கார்ந்திருந்தாள், அத்தனை பூவோடும். கொஞ்ச நேரம் நான் அந்தப்பக்கம், அவள் இந்தப்பக்கம். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா நீ ஓடிருப்ப."

"ஓடினா என்னா?"

"நீ ஓடினா ஓசூரு இல்லன்னு அம்மா சொல்லிட்டாங்க. நீ மணையில உக்காந்துட்டா அடுத்த வாரமே சேத்துடறோம்னாங்க." மடியில் விழுந்த ஓர் இதழை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். "தெரிஞ்சிருந்தா ரெண்டு பேரும் சேந்து ஓடிருக்கலாம்டா."

எனக்குக் கோபம் பாதி போய்விட்டது. வேலை கிடைத்த உற்சாகத்தில் யோசித்தேன். "எந்தப்பக்கம்க்கா?"

"பெங்களூரு."

"அங்க பெரியப்பா இருக்காரு."

"மாலூரு?"

"சித்தி."

"கிருஷ்ணகிரில?"

"அப்பாவோட தம்பிங்க ரெண்டு பேரும் அங்கதான."

"ஓசூருல பெரியம்மா," என்று அவளே சொல்லிக்கொண்டாள். மைசூர்ப்பக்கம், ஆந்திராப்பக்கம், நம் பக்கம், எந்த எல்லையைத் தாண்டினாலும் நம்மைப் பார்த்ததும் சோறு போட்டு உட்காரவைத்து, அப்பாவுக்கு ஆள் அனுப்ப ஒருத்தர் இருந்தார். எனக்கே திகைப்பாக இருந்தது. அவ்வளவு பெரிய குடும்பம் எங்களுடையது.

"சானமாவுக் காட்டுல நமக்கு யாரும் இல்ல," என்றாள் அக்கா.

"ஐயோ, அங்க யானை வரும்க்கா!"

பந்தியிலிருந்து அப்பாவின் சிரிப்பு கேட்டது. அக்கா அந்தப்பக்கம் பார்த்தாள்.

"யானை வந்தா மரம் முறியற சத்தமாச்சும் கேக்கும்டா," என்றாள்.